ராஜபாளையம் நாய்க்கு ஏற்ற விடுதியா?

மதுரைப் புறநகரில் உள்ள நாய்கள் தங்கும் விடுதி ஒன்றில் எங்கள் ராஜபாளையம் நாய் வெள்ளையனை 5 நாட்கள் விட்டிருந்தோம். 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இந்த இனத்துக்கு, பழக்கமில்லாத கை தன்மீது படுவது பெரும்பாலும் பிடிக்காது. வளர்ப்பவர் ஒருவரையே உலகமாகக் கொண்டு, அவர் குளிக்கச் சென்றாலும் கதவருகே காத்துக் கிடக்கும். எங்கள் வெள்ளையனோ, நான் அருகில் அமராவிட்டால், கிண்ணத்தில் வைத்த தயிர்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்ட பணியாளர், முதல் நாள் அவனைத் தொட முயலாமல் கூண்டுக்கு வெளியே அமர்ந்து பேசிக்கொண்டே இருந்தார் என்றும், மறுநாள் மாலை அவனே வந்து அவருடைய கையை முகர்ந்தான் என்றும் அறிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு செயலுக்காகவே கேட்ட கட்டணத்தைத் தரலாம்.

குறையும் உண்டு. வேட்டைக்கென வளர்க்கப்பட்ட, நெடுங்கால்கள் கொண்ட இந்த நாய் ஓடுவதற்கு அங்குள்ள முற்றம் போதாது. அடக்கி வைத்த வேகம் முழுவதையும் வீட்டுக்கு வந்த அன்றே செருப்பின்மீதும் தலையணையின்மீதும் தீர்த்துக்கொண்டு, சிதறிய பஞ்சை நான் பொறுக்கும்போது என் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டான். மீண்டும் அங்கேயே விடுவேன். ஆனால் 3 நாட்களுக்கு மேல் விடமாட்டேன்.