ஐசுவா, சட்சுமாவா: சாமுராய் பிள்ளைகள் வளர்ந்த இரண்டு விதம்

ஜப்பானின் எடோ காலத்து (1603–1868) சாமுராய் வீட்டுப் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி வளர்ந்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம், ஆனால் வடக்கே ஐசு, தெற்கே சட்சுமா என்ற இரண்டு சிற்றரசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை வேறு வேறு உலகங்கள்.

ஐசுவில் 6 வயதிலிருந்தே அக்கம்பக்கப் பிள்ளைகள் சிறு குழுவாகக் கூடி விதிகளை ஒப்பிக்க வேண்டும்: பெரியவர் சொல்லை மீறாதே, பொய் சொல்லாதே, எளியவரைத் துன்புறுத்தாதே, தெருவில் நின்று தின்னாதே. அப்புறம் 10 வயதில் நிஷ்ஷின்கான் பள்ளி. 1803-இல் கட்டி முடித்த அந்தப் பள்ளியில் நீச்சல் குளமும் வானியல் மேடையும்கூட இருந்தன.

சட்சுமாவின் கோஜூ என்ற தெருக்குழு முறையில் வாத்தியாரே கிடையாது, தெருவின் மூத்த பையன்கள்தான் சின்னவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். 14, 15 வயது ஆனதும் சின்னவன் மூத்தவர் அணிக்குப் போய்விடுவான், அவனே ஆசானாகிவிடுவான். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது செங்கி என்ற பயிற்சி. தலைவனின் எதிரியும் பெற்றவரின் எதிரியும் ஒரே நேரத்தில் எதிரே நின்றால் முதலில் யாரை வெட்டுவாய் என்று கேட்பார்கள், பையன் அங்கேயே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். பின்னாளில் ஜப்பானின் புதிய அரசை உருவாக்கிய சைகோ தகாமோரியும் ஒகுபோ தோஷிமிச்சியும் சட்சுமாவின் தலைநகரான ககோஷிமாவில் ஒரே பேட்டையில் இப்படி வளர்ந்தவர்கள்.

1868 உள்நாட்டுப் போரில் இரண்டு சிற்றரசும் எதிரெதிரே நின்றன, சட்சுமா பேரரசர் பக்கம், ஐசு பழைய ஷோகன் ஆட்சியின் பக்கம். ஐசுவின் பியாக்கோதாய் படையில் 16, 17 வயதுப் பையன்கள். ஈமோரி குன்றிலிருந்து புகையைப் பார்த்துத் தங்கள் கோட்டை வீழ்ந்துவிட்டது என்று நம்பி 20 பேர் உயிரை மாய்க்கத் துணிந்தார்கள், ஒருவன்தான் பிழைத்தான். கோட்டை அன்று விழவே இல்லை.

என் பிள்ளைக்கு என்றால் சட்சுமா முறையைத்தான் கேட்பேன், கேள்வி கேட்டு வளர்க்கிறது என்பதால். ஆனால் அந்தப் பத்தொன்பது பேரை நினைத்தால் மனசு ஐசு பக்கமே போய் நிற்கிறது.