நாலு வருஷமா நான் கிரீஸ் அடிக்கிற ஏரோபிரிட்ஜ்: ஒரு மெயின்டனன்ஸ் ஆளோட ரிவ்யூ

போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு சார் கூப்பிட்டு, புதுசா ரெண்டு ஏரோபிரிட்ஜ் (டெர்மினல்ல இருந்து விமானத்துக்கு பயணிங்க நடந்து போற நகரும் பாலம்) வாங்கப்போறோம், டெண்டர் ஸ்பெக் எழுதணும், இப்ப இருக்குறது எப்படிப்பா ஓடுது, உன் கருத்த சொல்லுன்னு கேட்டாரு. பத்து நிமிஷம் பேசுனேன், பத்தல. அதான் இங்க முழுசா எழுதுறேன், வாங்குற இடத்துல இருக்குறவங்க யாராவது படிச்சா உபயோகமா இருக்கும், ஐடிஐ முடிச்சுட்டு இந்த வேலைக்கு வர்ற பசங்களுக்கும் எங்க கண்ண வைக்கணும்னு தெரியும். பிரிட்ஜ் செஞ்ச கம்பெனி பேரும் ஏர்போர்ட் பேரும் போடல. கடல் காத்து அடிக்கிற ஒரு தென்னிந்திய ஏர்போர்ட், அவ்ளோ போதும்.

மெஷின் இதுதான்: மூணு டனல், கண்ணாடி சுவர், ஏப்ரான் டிரைவ் டைப் (ஏப்ரான்னா விமானம் நிக்கிற தளம், அதுல சக்கரத்துல ஓடுறது). அதாவது டெர்மினல் பக்கம் ரோட்டண்டாங்கிற வட்ட அறை நிலையா நிக்கும், அதுல இருந்து ஏ, பி, சின்னு மூணு டனல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி இருக்கும், விமானத்து பக்கம் கேபின், நடுவுல லிஃப்ட் காலம்னு ஏத்தி இறக்குற தூண், அதுக்கு அடியில ரெண்டு பெரிய சாலிட் டயர் வச்ச போகி, அதாவது சக்கர வண்டி. முப்பது டன்னுக்கும் மேல உள்ள இந்த மொத்தத்தையும் ஆப்பரேட்டர் ஒரு ஜாய்ஸ்டிக்க வச்சு நகர்த்தி விமானத்து உடம்புல கேனப்பி (கேபின் முன்னாடி இருக்குற மடிப்பு மூடி) மெதுவா படுற மாதிரி கொண்டுபோய் நிறுத்தணும். 1959ல சான் பிரான்சிஸ்கோவுல பயணிகளுக்கு இந்த மாதிரி பிரிட்ஜ் போட்ட காலத்துல இருந்து வேலை என்னவோ இதேதான், எலக்ட்ரானிக்ஸ் மட்டும்தான் மாறிட்டே இருக்கு.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். லிஃப்ட் பிரமாதம். இது எலக்ட்ரோ மெக்கானிக்கல், ரெண்டு பால் ஸ்க்ரூ (உள்ள இரும்பு குண்டு உருள மோட்டார் சுத்துற திருகுத் தண்டு), ஹைட்ராலிக் ஆயில் கிடையாது. முன்னாடி வேற இடத்துல ஹைட்ராலிக் பிரிட்ஜ்ல வேலை பாத்தவன் நான், அங்க சீல் போய் ஆயில் ஒழுகி ஏப்ரான்ல சொட்டி அத தொடைக்கிறதே தனி வேலையா இருக்கும். ராத்திரி விட்ட உயரத்துல காலைல இருக்காது, கொஞ்சம் இறங்கியிருக்கும். இதுல அந்த தொல்லை இல்ல, நிறுத்துன இடத்துல நிக்குது. ஏ320 கதவு தரைல இருந்து சுமாரா மூணரை மீட்டர், பெரிய விமானம் வந்தா அதவிட ஒரு மீட்டருக்கு மேல ஏறணும், ஒரே பே-ல (விமானம் நிறுத்துற இடம்) ரெண்டுமே மாறி மாறி வருது, நாலு வருஷத்துல லிஃப்ட்னால ஒரு விமானம் கூட லேட் ஆனதில்ல.

பால் ஸ்க்ரூவ எப்படி பாக்குறதுன்னு கேட்டா, வெள்ள துணி. கலர் துணி வேணாம். பழைய கிரீஸ அதுல வழிச்சு எடுத்து டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. கிரீஸ் கருப்பா இருந்தா பரவால்ல, அது வயசு. ஆனா அதுக்குள்ள மினுமினுன்னு பொடி மின்னுச்சுன்னா உள்ள பாலோ தடமோ தேயுதுன்னு அர்த்தம். அன்னைக்கே தேதி போட்டு எழுதி வைங்க, அந்த துணியையும் கவர்ல போட்டு எடுத்து வைங்க, அடுத்த மாசம் எடுக்குற துணியோட பக்கத்துல வச்சுப் பாத்தா தேய்மானம் கூடுதா அப்படியே இருக்கான்னு தெரிஞ்சிடும். எங்க ஸ்டோர்ல அப்படி ஒரு டப்பாவே இருக்கு.

ஆனா இந்த மெஷினோட உண்மையான குறை என்னன்னா, பாக்க வேண்டியத எல்லாம் மூடி வச்சிருக்கான். பயணி பாக்குற பக்கம் அழகு, ஒரு போல்ட் தல தெரியாது. அதே அழக கீழயும் கொண்டுவந்து வச்சிருக்கான், எங்க பாத்தாலும் பேனல், ஒவ்வொரு பேனலுக்கும் பத்து பன்னெண்டு போல்ட்.

கிரீஸ் விஷயத்த எடுத்துக்கோங்க. கேபின் சுத்துற பேரிங், ரோட்டண்டா, டனல் ரோலர் எதுக்கும் நேரடியா கை எட்டாது, அதனால சின்ன சின்ன குழாய் இழுத்து ஒரே பிளாக்ல எல்லா நிப்பிளையும் (கிரீஸ் அடிக்கிற வாய்) வரிசையா குடுத்திருக்கான். கேட்டலாக்ல இது பெரிய வசதின்னு போட்டிருக்கு, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன், நின்ன இடத்துல நின்னு ஆறு பாயிண்ட் அடிச்சு முடிச்சிடலாம். ரெண்டாவது வருஷம் மழை சீசன் முடிஞ்சு ஒரு நாள் கேபின் திரும்பும்போது கீச்னு ஒரு சத்தம், இரும்ப இரும்பு தேய்க்கிற சத்தம். செக்லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா மாசா மாசம் டிக் இருக்கு, என் கையெழுத்து. பேனல கழட்டிப் பாத்தா குழாய் பேரிங் பக்கத்துல கழண்டு தொங்குது, நான் அடிச்ச கிரீஸ் எல்லாம் அடியில இருக்குற தட்டுல அடை மாதிரி கெட்டியா சேந்து கெடக்கு. பேரிங் காஞ்சு போயிருந்துச்சு, துரு. எத்தன மாசம் அப்படி ஓடுச்சுன்னு என்னால சொல்ல முடியல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. நிப்பிள் கிரீஸ வாங்கிக்குது, வாங்கிக்கிறதால உள்ள போகுதுன்னு நம்பிட்டோம். இப்ப நாங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லா பேனலையும் கழட்டி, பேரிங் ஓரத்துல இருந்து பழைய கிரீஸ் பிதுங்கி வெளிய வர்றத கண்ணால பாத்த பிறகுதான் டிக் போடுறோம். ரெண்டு ராத்திரி வேலை, ஏன்னா பே காலியா கிடைக்கிறது ராத்திரி ரெண்டு மணிக்கு மேல விடியறதுக்குள்ளதான். அந்தப் பேனல்ல கையளவு ஒரு கதவு வச்சிருந்தா இது அரை மணி நேர வேலை.

விமானத்தோட உயரத்துக்கு ஏத்த மாதிரி பிரிட்ஜ தானா ஏத்தி இறக்குற ஆட்டோ லெவலருக்கு வர்றேன். இந்த சமாச்சாரம் எல்லா பிரிட்ஜ்லயும் இருக்கு, பயணிக்கு தெரியாது. விமானம் நிக்கும்போது ஒரே உயரத்துல நிக்காது, ஆள் இறங்கி பேகேஜ் இறங்குனா மேல எழும்பும், ஃப்யூவல் ஏத்தி ஆள் ஏறுனா கீழ அமுங்கும். கேபின்ல இருந்து ஒரு கை நீண்டு அதோட நுனில இருக்குற சின்ன சக்கரம் விமானத்த தொட்டுட்டே இருக்கும், விமானம் இறங்குனா சக்கரம் உருளும், பிரிட்ஜும் கூடவே இறங்கும். இறங்கலேன்னா திறந்து வச்ச விமானக் கதவோட அடி விளிம்பு நம்ம ஃப்ளோர்ல உக்காந்து கதவு கீல் வளைஞ்சிடும், அப்புறம் அந்த விமானம் அன்னைக்கு பறக்காது.

ஒரு சாயங்காலம் வாக்கி டாக்கில ஆப்பரேட்டர் அக்கா குரல், "தம்பி, கதவுக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல விரல் போற அளவுதான் இருக்கு, லெவலர் அசைய மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க." நான் ஓடி ஏறிப் போறதுக்குள்ள அவங்களே போர்டிங்க நிறுத்தச் சொல்லிட்டு மேனுவல்ல கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வச்சிருந்தாங்க. "இன்னும் ரெண்டு வரிசை ஏறியிருந்தா கதவு உக்காந்திருக்கும் தம்பி"ன்னு சொன்னாங்க, கை நடுங்குது அவங்களுக்கு. கழட்டிப் பாத்தா சக்கரத்தோட பேரிங் உப்புக் காத்துல இறுகிப் போச்சு, சக்கரம் உருளாம விமானத்து மேல வழுக்கிட்டு நின்னிருக்கு. லெவலர் மோட்டார் சில செகண்டுக்கு மேல தொடர்ந்து ஓடுனா அலாரம் அடிக்கும், ஆனா சக்கரம் உருளவே இல்லேன்னா மெஷினுக்கு விமானம் அசையவே இல்லன்னுதான் தோணும், அலாரமும் வராது. அதுக்குத்தான் கதவுக்கு அடியில சேஃப்டி ஷூ வைக்கிறது, கதவு அதுல பட்டா பிரிட்ஜ் தானா இறங்கும். அன்னைக்கு ஷூ வச்சிருந்துச்சு, ஆனா அது வேலை செய்யுதான்னு அந்த மாசம் யாரும் டெஸ்ட் பண்ணல. இப்ப தினமும் காலைல முதல் விமானத்துக்கு முன்னாடி ரெண்டையும் கையால பண்றோம், சக்கரத்த விரலால சுத்தி பிரிட்ஜ் கூட வருதான்னு பாக்குறது, ஷூவ கையால அமுக்கிப் பாக்குறது. ரெண்டே நிமிஷம். இந்த மாடல்ல லெவலர் கை வெளியவே இருக்கு, ஈசியா எட்டுது, அந்த விஷயத்துல டிசைன குறை சொல்ல முடியாது, நாங்கதான் பாக்காம விட்டோம். கடற்கரை ஏர்போர்ட்டுக்கு சீல்டு ஸ்டெயின்லெஸ் பேரிங்கா கேட்டு வாங்குங்க.

வயர தாங்கிப் பிடிக்கிற கேபிள் கேரியர் இன்னொரு தலவலி. டனல் நீண்டு சுருங்கும்போது வயரும் கூடவே மடங்கி விரியும், மடங்குற இடத்துல உள்ள செம்பு இழை இழையா அறுந்துடும், மேல இன்சுலேஷன் நல்லாவே இருக்கும். ஃபால்ட் வரும், நாம போய் நின்னா வராது, ரீசெட் பண்ணா ஓடும், மறுபடி சரியா விமானம் வர்ற நேரம் பாத்து நிக்கும். நிறுத்தி வச்சு மல்டிமீட்டர் வச்சா எல்லாம் சரின்னு காட்டும், மீட்டர மாட்டிட்டே ஒருத்தர் டனல நீட்டணும், அப்பதான் எந்த நீளத்துல அறுபடுதுன்னு தெரியும். இந்த மெஷின்ல கேரியர முழுசா ஷீட் போட்டு மூடியிருக்கான், மழை படாதுங்கிறது நிஜம்தான், ஆனா ஒரு வயர் மாத்த ஒரு ராத்திரி முழுக்க போகுது.

சென்சார்ல மட்டும் ஒண்ணு சொல்றேன், கேபின் முன்னாடி இருக்குற தூரம் அளக்குற சென்சார் வாய குளவி மண்ணு வச்சு அடைச்சிடுது, நம்ம ஊர்ல இது சகஜம், எந்த மேனுவல்லயும் இருக்காது. ஒரு பெயிண்ட் பிரஷ் பாக்கெட்ல வச்சுக்கோங்க. அத மறக்காம திரும்ப எடுத்துட்டு வாங்க, ஏப்ரான்ல விட்டா அது எஃப்ஓடி, அதாவது விமானத்துக்கு சேதம் பண்ற வெளிப் பொருள், இன்ஜின் உறிஞ்சுனா அவ்ளோதான். டூல் எண்ணிக்கை போகும்போதும் வரும்போதும் எண்ணணும்.

அடுத்தது பவர் கட். பிரிட்ஜ் விமானத்தோட ஒட்டி நிக்கும்போது டிரைவ் செத்துப்போச்சுன்னா டிராக்டர் கட்டி இழுக்கணும், அதுக்கு போகி மோட்டார் ரெண்டுலயும் பிரேக்க கையால ரிலீஸ் பண்ணணும். நான் முன்னாடி பாத்த பிரிட்ஜ்ல ஒரு லீவர், இழுத்தா முடிஞ்சுது. இதுல எட்டு போல்ட் போட்ட கவர கழட்டி ஸ்பேனர் போட்டு, அதுவும் மழையில முழங்கால் போட்டு பண்ணணும். பேசஞ்சர் உள்ள உக்காந்திருக்க, அரை மணி நேரத்துல திரும்பிப் போக வேண்டிய விமானம் நிக்க, அந்த எட்டு போல்ட்டும் துரு பிடிச்சிருந்தா எப்படி இருக்கும் யோசிங்க. நாங்க எட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸா மாத்தி, போல்ட் மரையில கிரீஸ் தடவி, ஸ்பேனர ஒரு பையில போட்டு போகியிலயே கட்டி வச்சிருக்கோம்.

கண்ணாடி பத்தி பயணிங்க பாராட்டுவாங்க, பொண்ணு பையன்லாம் நின்னு விமானத்த போட்டோ எடுப்பாங்க, பாக்க நல்லாதான் இருக்கு. ஆனா நம்ம வெயிலுக்கு மத்தியானம் ஏசி திணறுது. தீ விஷயமும் இருக்கு, அமெரிக்காவுல என்எஃப்பிஏ 415ன்னு ஒரு ஸ்டாண்டர்ட், கீழ ஃப்யூவல் சிந்தி எரிஞ்சா கூட 5 நிமிஷம் பிரிட்ஜ் வழியா ஆட்கள் பத்திரமா வெளியேற முடியணும்னு சொல்லுது. கண்ணாடி வாங்குறவங்க அந்த டெஸ்ட் சர்டிபிகேட்ட கேட்டு வாங்கிப் படிங்க, டனலுக்கு டனல் நடுவுல இருக்குற சீலும் அதுல சேரும்.

புதுசுதானே, அஞ்சு வருஷம் என்ன ஆகப்போகுதுன்னு சில பேர் சொல்றாங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். இங்கிலாந்துல ராம்ஸ்கேட் துறைமுகத்துல கப்பலுக்கு பயணிங்க ஏறுற நடைபாதை 1994 செப்டம்பர் 14 அன்னிக்கு இடிஞ்சு விழுந்து ஆறு பேர் செத்தாங்க. திறந்து நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஒரு வெல்டு ஃபெட்டீக்ல (திரும்பத் திரும்ப பாரம் ஏறி இறங்கி உலோகம் தளந்து போறது) விரிசல் விட்டு அறுந்துச்சு. அது விமான நிலையம் இல்ல, ஆனா விஷயம் ஒண்ணுதான், ஒரு முனை நிலையா, ஒரு முனை அசையுற பாலம், உள்ள ஜனங்க. அதனால நாங்க லிஃப்ட் காலம், போகி வெல்டு எல்லாத்தையும் பெயிண்ட் முடியளவு வெடிச்சிருக்கான்னு பாக்குறோம், வெடிச்ச இடத்துல துரு கோடு இறங்கியிருந்தா பெயிண்ட சுரண்டி டை பெனட்ரன்ட் (விரிசல்ல ஊறி அத காட்டிக் குடுக்குற சாயம்) அடிச்சு பாக்காம விட மாட்டோம். இந்த பிரிட்ஜ்ல வெல்டு வேலை நல்ல சுத்தம், இதுவரைக்கும் ஒண்ணுமே வரல, அத மனசார சொல்லுவேன்.

மார்க் போடச் சொன்னா, ஓட்டுறதுக்கு அஞ்சுக்கு நாலரை, பராமரிக்கிறதுக்கு ரெண்டரை. திரும்ப இதே மாடல் வாங்கலாமான்னு சார் கேட்டாரு, வாங்கலாம் சார், ஆனா கிரீஸ் பாயிண்ட்டுக்கு, கேபிள் கேரியருக்கு, பிரேக்குக்கு திறந்து மூடுற கதவு வேணும்னு ஸ்பெக்லயே எழுதுங்கன்னு சொன்னேன். ஃபேக்டரில டெஸ்ட் பாக்க ஆளுங்கள அனுப்புவாங்கல்ல, அதுல ஒரு டெக்னீஷியனையும் அனுப்புங்க, கையில கிரீஸ் கன்னும் டார்ச்சும் குடுங்க, ஒவ்வொரு பாயிண்ட்டையும் எட்டி தொட்டுப் பாத்துட்டு வரட்டும்னும் சொன்னேன். அவர் டைரில குறிச்சுக்கிட்டாரு. போன தடவ எங்கள்ல யாரையும் அனுப்பல.