வி-மெயிலா, விமானத் தபாலா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயும் வீட்டாரும் கடிதம் அனுப்ப இருந்த வழிகளில் இரண்டு இவை.

1942 ஜூனில் வந்த வி-மெயிலுக்குத் தாள் இலவசம். ஒரு பக்கம்தான் எழுதலாம். அதை 16 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் கால்பங்கு அளவில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். 37 மூட்டைக் கடிதங்கள் ஒரே மூட்டையில் அடங்கின! சிக்கலும் அந்தச் சுருக்கத்தில்தான். பொடி எழுத்து, மங்கிய பென்சில் எழுத்து இரண்டுமே அச்சில் தெரியாது. கறுப்பு மையில் பெரிதாக எழுத வேண்டும். தாளில் உதட்டுச்சாய முத்தம் பதித்தால் சாயம் இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். வழியில் சுருள் தொலைந்தால் கவலையில்லை: அச்சு போய்ச் சேரும்வரை மூலக் கடிதத்தை வைத்திருந்து, மறுபடி படமெடுப்பார்கள்.

விமானத் தபாலுக்கு அரை அவுன்சுக்கு 6 சென்ட். தொலைந்தால் போனதுதான். ஆனால் குழந்தையின் முடிக்கற்றையையோ காய்ந்த பூவையோ வைத்து அனுப்ப இவ்விரண்டில் இதுதான் வழி. மனைவியின் கையெழுத்தும் அதே தாளில் சிப்பாயின் கைக்கு வரும். தணிக்கையாளர் சிப்பாயின் கடிதத்தை எந்த வழியிலும் படிப்பார்.

வாராந்தர நலச்செய்திக்கு வி-மெயில் போதும். பிறந்தநாளுக்கு 6 சென்ட் செலவழிக்கலாம்.