பெரம்பூரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம்: கட்டுரைக்குப் போகலாம், கட்டணக் கணக்கை நம்ப வேண்டாம்

என் அக்கா மகள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டதால், 2024 ஜூன் மாதத்தில் பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் இயங்கும் ஆலோசனை நிலையத்தில் அவளைச் சேர்த்தோம். அக்காவின் கணவர் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்பதால், வாரந்தோறும் வியாசர்பாடியிலிருந்து அவளை அழைத்துச் சென்றவன் நான்தான். நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர் அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் கொடுத்து, அவற்றில் நான்குக்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள் சிறு கட்டுரையாகப் பதில் கேட்கிறது. இதற்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியை மிகுந்த அக்கறையுள்ளவர். காசிமேட்டில் தாத்தாவுடன் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னியதைப் பற்றி அவள் எழுதிய பதிலில் கடலும் அலையும் நிரம்பி வழிந்தன. ஆசிரியை அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, "நீ எந்தக் கண்ணியிலிருந்து ஆரம்பித்தாய், ஏன்?" என்று மட்டும் கேட்டார். நான்காவது முறை எழுதியபோதுதான் அது அவளுடைய எழுத்தாக வந்தது. இந்தப் பகுதிக்காகக் கொடுத்த பணத்தைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் கட்டணத்தைப் பற்றியது. "அரசுப் பல்கலைக்கழகம், செலவு குறைவு" என்பதே அவர்கள் முதல் நாளிலிருந்து சொல்லிவந்த வார்த்தை. அரசுக் கல்லூரி என்றால் குறைந்த கட்டணம் என்று நம் ஊரில் பழகியிருப்பதால், அக்காவும் கணவரும் அதை அப்படியே நம்பினார்கள். அக்டோபரில் கொடுத்த நகலெடுத்த தாளில் ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 14,000 டாலர் என்றிருந்தது. கீழே ஓரத்தில், பாதி அழிந்துபோன எழுத்தில் ஒரு வரி. அதை விரலால் தொட்டபடி, "மாமா, இது அங்கேயே குடியிருக்கிறவங்களுக்குத்தானே?" என்று கேட்டது பதினேழு வயதுப் பிள்ளை. ஆலோசகர் பேச்சை மாற்றினார்.

அவள் கேட்டதுதான் சரி. அமெரிக்காவில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் குறைந்த கட்டணம் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு உரியது. பிற மாநிலத்தாரும் வெளிநாட்டினரும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். நாங்கள் தாளும் கையுமாக நின்ற அதே 2024 நவம்பரில், கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டில் சேரும் வெளியாருக்கான கூடுதல் கட்டணத்தை 34,200 டாலரிலிருந்து 37,602 டாலராக உயர்த்தியது. அடிப்படைக் கட்டணம் 14,934 டாலரையும் சேர்த்தால் 52,536 டாலர் வருகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 44.65 இலட்சம் ரூபாய், நான்கு ஆண்டுக்கு ஒரு கோடியே எழுபத்தெட்டு இலட்சத்துக்கும் மேல். இதில் விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு எதுவும் அடங்கவில்லை. அக்கா அந்தக் கணக்கை ரேஷன் கார்டு வைக்கும் உறையின் பின்புறத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

இதைக் கேட்டதும் ஆலோசகர், கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இருக்கும் எங்கள் உறவினரின் முகவரியைக் கொடுத்தால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும் என்றார். இதுவும் தவறு. மாணவர் விசாவில் போகிறவர் உறவினர் வீட்டில் எத்தனை ஆண்டு தங்கினாலும் அங்கே மாநிலவாசியாகக் கருதப்படுவதில்லை.

"வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள், இடம் உறுதி" என்றும் சொன்னார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அரசு மானியம் குறைந்தபோது அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகிறது என்று 2016இல் மாநிலத் தணிக்கையாளர் கண்டித்த பின், 2017இல் வெளியாருக்கு உச்சவரம்பு வந்தது. பெரும்பாலான வளாகங்களில் அது இளநிலை மாணவர்களில் 18 சதவீதம். லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு மட்டும் 2023இல் 1,45,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் இடம் கிடைத்தது.

என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் பயிற்சிக்கென்று தனியாக வாங்கிய 28,000 ரூபாய். இந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு அந்தத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அவள் வேறெங்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்தார்கள்.

அங்கே சேர நினைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே வெளிநாட்டு மாணவருக்கான மொத்த ஆண்டுச் செலவைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட முடியும், கேட்டால்தான் சொல்வார்கள்.

நாங்கள் விண்ணப்பிக்காமலே திரும்பிவிட்டோம். அவள் பொறியியல் கலந்தாய்வு வழியாக இங்கேயே சேர்ந்துவிட்டாள். எஸ்.ஏ.டி. பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதி 14,000 ரூபாய்க்காக நான் இன்னும் அந்த மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.