டிக்கெட்டிலிருந்து டிப்ளாய்மென்ட் வரை: இணைப்பை யார் எழுத வேண்டும்?

ஒரு மென்பொருள் பிழைக்கான டிக்கெட் (வேலைக் கோரிக்கையின் பதிவு) மூடப்பட்டுவிட்டது. அந்தத் திருத்தம் இப்போது பயனர்களைச் சென்றடைந்துவிட்டதா? வாடிக்கையாளர் சேவைக் குழு கேட்கும் கேள்வி இது. நள்ளிரவில், பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சூழலான புரொடக்‌ஷன் தடுமாறும்போது கேள்வி எதிர்த் திசையிலிருந்து வருகிறது: கடைசியாகப் போன ரிலீஸில் (வெளியீட்டில்) எந்தெந்த டிக்கெட்டுகளின் வேலை இருந்தது? இரண்டுக்கும் உடனே பதில் சொல்லும் குழுக்களும் உண்டு, நான்கு பேரை எழுப்பி விசாரிக்கும் குழுக்களும் உண்டு. இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: டிக்கெட்டுக்கும், நிரலைச் சூழலில் நிறுவும் டிப்ளாய்மென்ட்டுக்கும் இடையிலான இணைப்பை யார், எப்போது எழுதுகிறார்கள் என்பதில்.

வழக்கத்தில் நான்கு வழிகள் இருக்கின்றன. டிக்கெட்டில் பதிப்பு எண்ணைக் கையால் நிரப்புவது ஒன்று. நிரல் மாற்றத்தைச் சேமிக்கும் பதிவான கமிட்டின் செய்தியில் டிக்கெட் எண்ணை எழுதுவது இன்னொன்று. மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டோடு டிக்கெட்டை இணைப்பது மூன்றாவது. டிப்ளாய்மென்ட் நடக்கும் கணத்தில் நிரலைக் கட்டி நிறுவும் தானியங்கித் தொடரான பைப்லைனே கணக்கிட்டுப் பதிவு செய்வது நான்காவது.

முதல் வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். டிக்கெட்டுகளை நிர்வகிக்கும் கருவியான ஜிராவில் இருக்கும் ஃபிக்ஸ் வெர்ஷன் போன்ற புலம் திட்டமிடுவதற்கு அருமையான கருவி. 'இதை 2.4-இல் தருவோம்' என்ற வாக்குறுதியை அது சொல்கிறது. நடந்ததைச் சொல்லும் வேலையை அதன் தலையில் சுமத்தும்போதுதான் சிக்கல். வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஒரு திருத்தத்தை அவசரமாக வெளியே எடுத்தால், அந்தப் புலத்தைத் திரும்பிப் போய் மாற்றுவதற்கு அன்று யாருக்கும் நேரம் இருக்காது. ஜிராவின் ரிலீஸ் பக்கம் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது: மூடப்பட்ட டிக்கெட்டில் மெர்ஜ் ஆகாத (நிரலோடு சேர்க்கப்படாத) புல் ரிக்வெஸ்ட் இருந்தாலோ, பில்ட் (நிரலைக் கட்டித் தொகுக்கும் ஓட்டம்) தோற்றிருந்தாலோ எச்சரிக்கிறது. ஆனாலும் அது எச்சரிக்கை மட்டுமே.

கமிட் செய்தியில் எண் எழுதும் பழக்கம் பழையது, எளிமையானது, எந்தக் கருவி மாறினாலும் கூடவே வரக்கூடியது. மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸில் #4127 என்று எழுதினால் போதும். நிரல் கிட்ஹப் தளத்திலும் டிக்கெட் அஸூரிலும் இருந்தால் ஏபி#4127 (AB#4127). ஜிராவில் திட்டத்தின் குறியோடு சேர்ந்த எண்ணை, நிரலின் தனிப் பிரதியான கிளையின் பெயரிலோ கமிட்டிலோ புல் ரிக்வெஸ்ட்டின் தலைப்பிலோ வைக்கலாம். இந்த வழிக்கு இன்னொரு வலிமையும் உண்டு, அது போதுமான அளவு பேசப்படுவதில்லை. ஒரு திருத்தத்தை செர்ரி-பிக் செய்து (அந்த ஒரு கமிட்டை மட்டும் நகலெடுத்து) பழைய ரிலீஸ் கிளைக்குக் கொண்டுபோனால் கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷ் மாறிவிடும். பழைய ஹாஷை வைத்து 'இது எந்த டேகில் (பதிப்புக்கு இட்ட பெயரில்) இருக்கிறது' என்று, நிரலின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டிடம் கேட்டால் அந்தக் கிளையின் டேகை அது காட்டாது. செய்தி மட்டும் அப்படியே நகலாகும், எண்ணும் கூடவே போகும்.

பலவீனமும் செய்தியிலேயே இருக்கிறது. பத்து கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கும்போது, சேர்ப்பவர் செய்தியைச் சுருக்கினால் எண்கள் காணாமல் போகும். 4127-ஐ 4172 என்று தட்டியவரைத் தடுப்பதற்கும் அங்கே ஆள் இல்லை. கமிட் போன பிறகு திருத்துவதென்றால் வரலாற்றையே மாற்றி எழுத வேண்டும்.

புல் ரிக்வெஸ்ட் அளவில் இணைப்பது எனக்கு இதைவிடப் பிடித்தமானது. காரணம், அந்தக் கட்டத்தில் இரண்டாவது மனிதர் ஒருவர் பார்க்கிறார். தவறான டிக்கெட் என்றால் அங்கேயே சொல்லிவிடலாம், திருத்துவதும் எளிது. அஸூரில் கிளைக்கான கொள்கையாக 'டிக்கெட் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்' என்று கட்டாயமாக்கவும் முடியும். கிட்ஹப்பில் ஃபிக்ஸஸ், க்ளோஸஸ், ரிசால்வ்ஸ் போன்ற சொற்களோடு எண்ணை எழுதினால், மெர்ஜ் ஆனதும் டிக்கெட் தானே மூடிக்கொள்ளும். அந்தப் புல் ரிக்வெஸ்ட் முதன்மைக் கிளையை நோக்கியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது, வேறு கிளைக்குப் போனால் அந்தச் சொற்களுக்குப் பலன் இல்லை.

இந்தத் தானியங்கி மூடல் வசதியானதுதான், ஆனால் தடமறிதல் வேண்டும் என்பவர்களை அது திசைதிருப்பிவிடுகிறது. மெர்ஜ் ஆவது ஒரு நிகழ்வு, புரொடக்‌ஷனுக்குப் போவது வேறொரு நிகழ்வு. இரண்டுக்கும் நடுவே சில மணி நேரமும் இருக்கலாம், சில வாரங்களும் இருக்கலாம். மூடிய டிக்கெட்டைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பினால், நம்பிக்கை குலைவது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே நான்காவது வழி. இங்கேதான் எல்லாமே நுணுக்கத்தில் இருக்கிறது. எண்களோடு பார்ப்போம். புரொடக்‌ஷனில் பில்ட் 809 ஓடுகிறது. அடுத்து 810, 811, 812 உருவாகின்றன, டிக்கெட் 4127-இன் திருத்தம் 811-இல் சேர்கிறது. மூன்றும் சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கோடு நின்றுவிட, 813 புரொடக்‌ஷனுக்குப் போகிறது. இப்போது 813-இன் பில்டோடு ஒட்டியிருக்கும் டிக்கெட் பட்டியலைத் திறந்தால், 812-க்குப் பிறகு மாறியவைதான் தெரியும். 4127 அதில் இல்லை. ஆனால் அதன் நிரல் புரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட வேண்டியது முந்தைய பில்டோடு அல்லவே, அந்தச் சூழலில் கடைசியாக நிறுவப்பட்டதோடு. கிட்டில் 809-இன் டேகுக்கும் 813-இன் டேகுக்கும் நடுவே இரண்டு புள்ளி வைத்து லாக் (கமிட் பட்டியல்) கேட்டால் சரியான பட்டியல் வந்துவிடும். எந்தக் கருவியை வாங்கும் முன்பும் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

அஸூர் டெவ்ஆப்ஸ் இதில் நன்றாகவே தேறுகிறது. ஒவ்வொரு சூழலின் டிப்ளாய்மென்ட் வரலாற்றிலும் அந்தச் சூழலுக்குப் புதிதாக வந்த கமிட்டுகளும் டிக்கெட்டுகளும் தனியாகத் தெரியும். பழைய கிளாசிக் ரிலீஸ் பைப்லைனில் ஓர் அமைப்பைத் திறந்துவிட்டால், டிக்கெட்டின் பக்கத்திலேயே எந்தக் கட்டம் வரை போயிருக்கிறது என்று தோன்றும். நிரல், டிக்கெட், பைப்லைன் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் குழுவுக்கு இதைவிடக் குறைந்த உழைப்பில் இவ்வளவு கிடைப்பது கடினம்.

கிட்லேப்பில் மெர்ஜ் ரிக்வெஸ்ட்டின் (புல் ரிக்வெஸ்ட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) பக்கத்திலேயே அது எந்தச் சூழலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறார்கள். நிரலாளருக்கு அது போதும். டிக்கெட்டை மட்டுமே பார்ப்பவர் இன்னும் ஒரு சொடுக்கு தள்ளிப் போக வேண்டும். கிட்ஹப்பில் டிப்ளாய்மென்ட்டுக்கென்று நல்ல ஏபிஐ (பிற நிரல்கள் பேசுவதற்கான இடைமுகம்) இருக்கிறது, ரிலீஸ் குறிப்புகளைத் தானே தயாரிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் பட்டியலிடுவது புல் ரிக்வெஸ்ட்டுகளை. டிக்கெட் வரை கோட்டை நீட்டுவது உங்கள் பொறுப்பு. மூன்றில் அதிகம் கைவேலை கேட்பது இதுதான்.

ஜிராவின் அணுகுமுறை வேறு. அது தானாக எதையும் கணக்கிடுவதில்லை. பைப்லைன் எதுவாக இருந்தாலும், 'இந்த டிக்கெட்டுகள் இந்தச் சூழலுக்குப் போயின' என்று செய்தி அனுப்பினால் வாங்கி டிக்கெட்டில் காட்டுகிறது. ஆகவே பட்டியலின் துல்லியம் அனுப்பும் பக்கத்தைப் பொறுத்தது, 809-813 கணக்கு அங்கே தப்பாக இருந்தால் ஜிராவும் தப்பையே காட்டும். பல கருவிகளைக் கலந்து பயன்படுத்தும் பெரிய நிறுவனத்துக்கு இதுவே பொருந்தும், வேறு வழியும் அவர்களுக்கு அதிகம் இல்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன 813 சிக்கலைக் கொடுக்க, 809-க்கே திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். '813-இல் இல்லாதது 809-இல் என்ன இருக்கிறது?' என்று அதே கணக்கைப் போட்டால் வெற்றுப் பட்டியல்தான் வரும். 4127 இன்னமும் 'புரொடக்‌ஷனில் உள்ளது' என்று பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டு, வெளியேறிய டிக்கெட்டுகளைக் குறிக்க வேண்டும். ஜிரா ஏற்கும் நிலைகளில் 'ரோல்டு பேக்' என்று தனியாக ஒன்று உண்டு, ஆனால் அதை அனுப்ப வேண்டியவர் நீங்கள். கிட்ஹப்பின் நிலைகளில் அப்படி ஒன்று இல்லை. கிட்லேப்பில் ரோல்பேக் என்பது பழைய கமிட்டைக் காட்டும் இன்னொரு டிப்ளாய்மென்ட்.

டிப்ளாய்மென்ட் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையையும் ஓடுகிற நிரலையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடலில் நடந்தது சான்று. 8 சர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் சேரவில்லை. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. காரணம் புரியாமல் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை அகற்றியபோது நிலைமை இன்னும் மோசமானது. எந்த சர்வரில் எந்தப் பதிப்பு என்பதை ஓடும் நிரலே சொல்லும்படி, கமிட் ஹாஷை அதற்குள் பொதித்து, அதையே படித்துப் பதிவு செய்யும் முறையை நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருள் தரநிலையான ஐஇசி 62304, மாற்றக் கோரிக்கை, அதற்குக் காரணமான சிக்கல் அறிக்கை, ஒப்புதல் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்திக் காட்டச் சொல்கிறது. அத்தகைய துறையில் இருப்பவர்கள் கமிட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒப்புதல் பதிவாகும் இடம் புல் ரிக்வெஸ்ட்தான்.

என் தேர்வு இது: எண் கமிட் செய்தியிலும் இருக்கட்டும், புல் ரிக்வெஸ்ட் இணைப்பு கட்டாயமாகட்டும், 'எங்கே இருக்கிறது' என்ற பதிவைப் பைப்லைன் மட்டுமே எழுதட்டும். மனிதர்கள் நிரப்பும் பதிப்புப் புலம் திட்டமாகவே நிற்கட்டும். ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியைத் திறந்து மூடும் சுவிட்ச்) பயன்படுத்துபவர்கள் ஃபிளாக் எப்போது திறந்தது என்பதையும் டிக்கெட்டில் தனியாகப் பதிய வேண்டும், நிரல் போய்ச் சேர்ந்தும் பயனர் கண்ணில் படாமல் இருக்கலாம்.

கட்டாயமாக்கும்போது ஒரு எச்சரிக்கை. சின்ன எழுத்துப் பிழையைத் திருத்தவும் டிக்கெட் கேட்டால், எல்லோரும் 'இதர வேலைகள்' என்று ஒரு டிக்கெட்டைத் திறந்து எல்லாவற்றையும் அதில் ஒட்டுவார்கள். அந்த டிக்கெட் நாற்பது ரிலீஸ்களில் தோன்றத் தொடங்கினால் பட்டியலே பயனற்றுப்போகும். 'டிக்கெட் தேவையில்லை' என்று ஒரு லேபிளை வைத்து, அதை யார் ஒட்டலாம் என்பதை மெர்ஜுக்கு ஒப்புதல் தருபவரிடம் விட்டுவிடுங்கள்.