வெள்ளத்துக்கென வாங்கிய அவசரப் பை: ஒரு பாவனை மதிப்பீடு

கிளிநொச்சியில் மழைக்காலத்துக்கு முன்பாகக் கடைகளில் தொங்கவிடப்படும் பொருட்களுள் 'அனர்த்த அவசரப் பை' என்ற செம்மஞ்சள் நிற முதுகுப்பையும் ஒன்று. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்காதவர்களை நம்பியே இதனை விற்கிறார்கள். நானும் அந்த நினைவில்தான் வாங்கினேன். அதன் பின்னர் வெள்ளம் எங்கள் வாசற்படியை எட்டவில்லை. ஆயினும் பையைத் திறக்க வேண்டிய தேவை அடிக்கடி வந்தது.

உள்ளே இருப்பவற்றுள் மிகச் சிறந்தது நீர்புகா ஆவண உறைதான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றை ஒரே பையில் கட்டி வைத்திருப்பது இடம்பெயர்ந்து பழகிய வன்னிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. நாங்கள் அதனுடன் அம்மாவின் கிளினிக் கொப்பியையும் வைத்திருந்தோம். ஒருநாள் நள்ளிரவில் அவருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டபோது, எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று வைத்தியசாலையில் கேட்கப்பட்ட கேள்விக்கு அந்தக் கொப்பியே பதிலாக அமைந்தது.

உறையோடு ஒரு தடித்த அட்டையும் தருகிறார்கள். வெள்ளத்தின்போது எங்கே செல்வது என்று எழுதுவதற்கான அந்த அட்டையின் பின்புறத்தில், எங்கள் வீட்டுக்கு வரும் வழியை, எந்தச் சந்தியில் திரும்பி எந்தக் குளக்கட்டால் வந்து எந்தக் கோயிலைத் தாண்ட வேண்டும் என்பது வரை, எழுதி வைத்திருந்தோம். 1990 இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 இலேயே வடக்குக்கு வந்துவிட்டதெனினும், இலக்கமில்லாத உள்ளொழுங்கை வீடொன்றுக்குப் பதற்றத்தில் வழி சொல்வது எளிதல்ல. அன்று தம்பியின் மகள் அட்டையைப் பார்த்து வாசித்தாள், வண்டி வழிமாறாமல் வந்து சேர்ந்தது.

கைப்பிடியைச் சுற்றி இயக்கும் ரோச்–வானொலி பரவாயில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கின் புண்ணியத்தால் நாடே மின்சாரமின்றி நின்றபோது செய்தி கேட்க உதவியது. வெளிச்சம் மட்டும் கையை விட்ட சிறிது நேரத்தில் மங்கிவிடுகிறது. மடித்து வைக்கக்கூடிய தண்ணீர்க் கொள்கலன், மோட்டரை நம்பிக் கிணற்று வாளியைக் கைவிட்ட எங்களைப் போன்ற வீடுகளுக்கு அவசியமானது. விசிலைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலுதவிப் பொதியைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாம்புக்கடிக்கென்று அதில் சவர அலகொன்றும் இறுக்கிக் கட்டும் இறப்பர்ப் பட்டியும் வைத்திருக்கிறார்கள். கடிவாயைக் கீறுவதும் இரத்தோட்டத்தைத் தடுக்கும்படி இறுகக் கட்டுவதும் ஆபத்து என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கை அல்லது காலை அசையாதபடி வைத்து, விசமுறிவு மருந்துள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்வதே சரியான முறையாகும். கண்ணாடி விரியன் வயல் வரம்பில் கிடக்கும் ஒரு மாவட்டத்தில், பெருவெள்ளத்தைவிட அறுவடைக் காலத்திலேயே இந்தப் பொதிக்குக் கை நீளும். அலகையும் பட்டியையும் எறிந்துவிட்டு, அகலமான பஞ்சுத்துணிச் சுருள்களையும் அணைகட்ட இரண்டு மட்டைகளையும் வைத்தோம்.

இன்னொரு குறை போகப்போகத்தான் தெரிந்தது. அன்றாடம் கைகொடுக்கும் பை அன்றாடம் காலியாகிறது. வயிற்றோட்டத்துக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கும் ஜீவனிப் பக்கற்றுகளும் பனடோலும் முதலில் முடிந்தன. அவற்றை மீள நிரப்புவதற்கான தனிப்பொதி எதுவும் விற்பனைக்கு இல்லை. மூடியின் உட்புறத்தில் பொருட்பட்டியலாவது ஒட்டியிருக்கலாம். நாங்கள் ஒரு கொப்பித் தாளில் எழுதி ஒட்டி, எடுப்பவரே அதில் கோடு போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்று புள்ளிகள் தருவேன். 7,000 ரூபாய்க்குச் சற்று அதிகமான விலையில் பெரும்பங்கு பைக்கும் உறைக்கும் வானொலிக்கும் உரியது. முதலுதவிப் பொதி இல்லாமல் விலை குறைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார்த்து, மருந்துகளை மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால் விலையில் பேரம் பேச இடமிராது.