எட்டும் பதின்மூன்றும் இருக்கட்டும்

மேஜையில் மூன்று டேப்லெட்டுகளை வரிசையாக வைத்து, ஸ்கேலால் திரையை அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். 8.3 இன்ச், 11 இன்ச், 13 இன்ச். மூன்றையும் தொடர்ந்து வைத்திருக்க எனக்கு இஷ்டமில்லை. மூன்றுக்கும் சார்ஜ் போட வேண்டும், மூன்றுக்கும் அப்டேட் பார்க்க வேண்டும், நேற்று குறித்து வைத்த பக்கம் எதில் இருக்கிறது என்று தேடவும் வேண்டும். அதோடு அடுத்த மாடல்கள் பற்றிய பேச்சும் சூடாக இருக்கிறது. சின்ன ஐபேடுக்கு ஓஎல்இடி திரை வரப்போகிறதாம், 18 இன்ச் அளவில் மடிக்கிற ஐபேட் ஒன்று தயாராகிறதாம். புதியது வரும்வரை காத்திருப்பதா, இருப்பதில் எதை விடுவது என்று இப்போதே முடிவு செய்வதா என்று ஒரு மாதமாக யோசித்ததன் விளைவுதான் இந்த விமர்சனம்.

என் வேலை மெய்ப்புத் திருத்துவது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் வரும் பிடிஎஃப் பக்கங்களைப் படித்து, பேனாவால் திரையிலேயே திருத்தம் போட்டு அனுப்புவேன். படம் பார்ப்பவருக்கும் விளையாடுபவருக்கும் என் கணக்கு பொருந்தாது. நாள் முழுக்க எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் மேலே படிக்கலாம். என்னுடைய மூன்றும் எந்த கம்பெனி என்பதையும் விட்டுவிடுகிறேன். இங்கே பேச்சு அளவைப் பற்றி மட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்ச் என்று பெட்டியில் போடுகிற எண் திரையின் மூலைக்கு மூலை நீளம். படிப்பவருக்கு வேண்டியது அதுவல்ல, அகலம். நீளத்துக்கும் அகலத்துக்கும் 4:3 விகிதம் இருக்கும் 13 இன்ச் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 198 மில்லிமீட்டர். சாம்சங்கின் டேப் எஸ் வரிசை அல்ட்ராவோ 14.6 இன்ச், 16:10 விகிதம். அதை நிமிர்த்தினால் அகலம் 196 மில்லிமீட்டர்தான். ஒன்றரை இன்ச்சுக்கு மேல் பெரிய திரை, ஆனால் பக்கத்தின் அகலத்தில் ஒரு நூல்கூட அதிகம் இல்லை. நீளம் மட்டும் கூடுகிறது. படுக்கவைத்துப் படம் பார்க்கிறவருக்கு அந்த நீளம் வரப்பிரசாதம். A4 பக்கம் படிக்கிறவருக்கு மேலும் கீழும் வெற்றிடம். இதேபோல 10.1 இன்ச் என்று வரும் 16:10 டேப் 136 மில்லிமீட்டர் அகலம், 2010-இல் வந்த முதல் 9.7 இன்ச் ஐபேட் 148 மில்லிமீட்டர். எண் சின்னது, அகலம் பெரியது. அடுத்த மாடல் அரை இன்ச் கூடுகிறது என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி விகிதம் என்ன என்பதுதான்.

இனி என் மேஜைக்கு வருகிறேன்.

A4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. 13 இன்ச் திரையில் முழுப் பக்கத்தையும் காட்டினால் கிட்டத்தட்ட 89 சதவீதமாகச் சுருங்குகிறது. 10 புள்ளி (பாயின்ட் என்கிற எழுத்தளவு) எழுத்து 9 புள்ளி அளவில் தெரியும். 11 இன்ச்சில் அதே பக்கம் 76 சதவீதம். எழுத்து ஏழரைப் புள்ளி. 8.3 இன்ச்சில் 55 சதவீதம், எழுத்து ஐந்தரைப் புள்ளி. தமிழில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மெய்ப்பு பார்ப்பவர்களுக்குத் தெரியும். நம் எழுத்தில் ஒரு புள்ளி விழுந்ததா இல்லையா என்பதில் சொல்லே மாறிவிடும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடந்தால் அதையும் கண்டுபிடித்தாக வேண்டும். 'ணு'வா 'னு'வா, 'லை'யா 'ளை'யா என்று நின்று பார்க்க வேண்டும். ஒன்பது புள்ளியில் இதெல்லாம் ஓடுகிற ஓட்டத்தில் கண்ணில் படுகிறது. ஏழரையில் நிதானித்தால் படுகிறது. ஐந்தரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பக்கத்தின் ஓட்டம் போய்விடும், அடுத்த பிழை தப்பிவிடும்.

பெரிய டேப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. படுக்கவைத்து திரையை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதி 132 மில்லிமீட்டர் அகலம், 198 உயரம். இடப்பக்கம் பழைய மெய்ப்பு, வலப்பக்கம் திருத்தி வந்த மெய்ப்பு. நான் சொன்ன திருத்தம் போடப்பட்டிருக்கிறதா, போடும்போது வேறு எங்காவது வரி உடைந்ததா என்று ஒரே பார்வையில் ஒப்பிடலாம். கணினியிலும் செய்யலாம்தான். ஆனால் பேனாவோடு குனிந்து, தாளில் எழுதுவதுபோல ஓரத்தில் குறிப்பது கணினியில் வராது. இந்த ஒரு வேலைக்காகவே 13 இன்ச்சை நான் விடமாட்டேன்.

அதன் குறை எடை. 2015-இல் முதல் 12.9 இன்ச் ஐபேட் ப்ரோ வந்தபோது 713 கிராம் இருந்தது. 2022 மாடல் 682 கிராம். 2024-இல் ஓஎல்இடி திரையோடு வந்த 13 இன்ச் மாடல் 579 கிராம், தடிமன் 5.1 மில்லிமீட்டர். ஒரே தலைமுறையில் நூறு கிராமுக்கு மேல் குறைந்தது எப்படி? அதற்கு முந்தைய மாடலில் திரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள் கொண்ட ஒரு அடுக்கு இருந்தது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் என்பதால் அந்த அடுக்கே வேண்டியதில்லை. ஓஎல்இடி என்றதும் எல்லோரும் நிறத்தையும் கருப்பின் ஆழத்தையும் பேசுகிறார்கள். எனக்கு அது எடையைக் குறைக்கும் வழியாகத்தான் தெரிகிறது. ஆனாலும் உறை, கீபோர்டு எல்லாம் சேர்த்து என் தராசில் என் பெரியது ஒரு கிலோவைத் தாண்டியது. மடியில் வைக்கலாம், மேஜையில் சாய்க்கலாம். கையில் தூக்கிப் பிடித்துப் படிக்க முடியாது.

அங்கேதான் சின்னது வருகிறது.

சின்ன டேப்லெட்டைப் பற்றி 2010-இலேயே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. 7 இன்ச் டேப்லெட்டுகள் பிறக்கும்போதே செத்தவை, அவற்றோடு விரலைத் தேய்த்துச் சிறிதாக்க உப்புத்தாளும் தர வேண்டியிருக்கும் என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். இரண்டே வருடத்தில், 2012-இல், ஆப்பிளே 7.9 இன்ச் ஐபேட் மினியைக் கொண்டு வந்தது. அதே ஆண்டு கூகுளின் நெக்சஸ் 7 வந்திருந்தது. ஜாப்ஸ் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. பெரிய ஐபேடில் ஒரு இன்ச்சுக்கு 132 அலகு என்று வரையப்படும் பொத்தான்கள் மினியில் 163 என்று நெருக்கமாக வரையப்படுகின்றன. அதாவது எல்லாமே 81 சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும். விரல் தடிமனாக இருப்பவருக்கும் கண் தளர்ந்தவருக்கும் இது தினசரித் தொந்தரவு. வாங்கும் முன் அமைப்புகளில் எழுத்தளவைக் கூட்டி, பத்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

ஆனால் ஒன்று. டெம்மி அளவுப் புத்தகம் ஐந்தரைக்கு எட்டரை இன்ச். அதில் சுற்று விளிம்பைக் கழித்தால் எழுத்து நிற்கிற பகுதி 8.3 இன்ச் திரைக்குள் ஏறக்குறைய முழு அளவிலேயே அடங்கிவிடுகிறது. பிடிஎஃப் செயலியில் விளிம்பை வெட்டிவிட்டுப் படித்தால் கையில் ஒரு புத்தகத்தைப் பிடித்த மாதிரியே இருக்கும். ராத்திரி படுத்துக்கொண்டு ஒரே கையில் பிடித்து நாற்பது பக்கம் போகலாம், மணிக்கட்டு வலிக்காது. வேலைக்காகப் படிப்பது பெரியதில், எனக்காகப் படிப்பது சின்னதில் என்று தானாகவே பிரிந்துவிட்டது.

போன்தான் 6.9 இன்ச் வரை வந்துவிட்டதே, இடையில் சின்ன டேப் எதற்கு என்று கேட்கிறார்கள். மறுபடியும் அகலத்தைப் பாருங்கள். 6.9 இன்ச் போன் திரையின் அகலம் 73 மில்லிமீட்டர். 8.3 இன்ச் டேப் 116. ஒன்றரை மடங்குக்கும் மேல். போனில் ஒரு வரி நான்கைந்து சொல்லோடு முறிந்துவிடும். நீண்ட தமிழ்ச் சொற்கள் வந்தால் மூன்றே சொல். வரி வரியாகக் கண் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, வாக்கியம் மனதில் நிற்பதில்லை. செய்தி படிக்க அது போதும், நாவல் படிக்கப் போதாது.

இந்தச் சின்ன அளவில்தான் வதந்தியை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. ஐபேட் மினியின் நான்காம் தலைமுறை 2015-இல் வந்தது, ஐந்தாவது 2019-இல், ஆறாவது 2021-இல், அடுத்தது 2024 அக்டோபரில். 2015-க்கும் 2019-க்கும் இடையே மினி அவ்வளவுதான், முடிந்தது என்று எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அது முடியவில்லை. ஆனால் காத்திருந்தவர்கள் மூன்றரை வருடம் காத்திருந்தார்கள். ஓஎல்இடி மினி வரக்கூடும் என்றே நானும் நினைக்கிறேன். வந்தால் நான் முதலில் பார்க்கப்போவது எடையைத்தான். 2012-இன் முதல் மினி 308 கிராம், 2024-இன் மினி 293. பெரியது ஒன்பது வருடத்தில் 713-இலிருந்து 579-க்கு இளைத்தது, சின்னது பன்னிரண்டு வருடத்தில் வெறும் பதினைந்து கிராம்தான் இளைத்திருக்கிறது. 250 கிராமுக்குக் கீழே ஒன்று வருமானால் என்னுடையதை அன்றே மாற்றுவேன். வெறும் நிறத்துக்காக மாற்ற மாட்டேன். சின்ன டேப்பே இல்லாதவர்கள் வதந்திக்காக ஒரு வருடத்துப் படிப்பை ஒத்திப்போட வேண்டாம், இருப்பதை வாங்குங்கள்.

மடிக்கிற டேப் பற்றி எனக்கு ஆர்வம் உண்டு. 18 இன்ச் திரை நாளிதழின் பாதிப் பக்கம் மாதிரி விரியும் என்று நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த அளவை முன்பே ஒருவர் முயன்று பார்த்தாயிற்று. 2015-இல் சாம்சங் 18.4 இன்ச்சில் கேலக்ஸி வியூ என்று ஒன்று கொண்டு வந்தது. தாங்கியும் கைப்பிடியும் சேர்ந்த அதன் எடை 2.65 கிலோ. மடித்தால் பரப்பு பாதியாகும், எடை பாதியாகாது. அது வீட்டில் ஒரே இடத்தில் இருக்கிற பொருளாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மறுபக்கம், மூன்றாக மடியும் போன்கள் ஏற்கெனவே 10 இன்ச் அளவுக்கு விரிகின்றன. ஹுவாவேயின் மேட் எக்ஸ்டி 2024-இல் 10.2 இன்ச்சாக விரிந்து வந்தது. இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் நடு அளவுக்குத்தான் நெருக்கடி வரும் என்று தோன்றுகிறது.

நடு அளவு என்றால் 11 இன்ச். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஒரே ஒரு டேப் வாங்கப்போகிறவர் வேறு எதையும் யோசிக்காமல் அதை வாங்கலாம், ஏமாற்றம் இருக்காது. அதைப் படுக்கவைத்துப் பாதியாக்கினால் ஒரு பாதி 116 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு மினியின் அகலம். 460 கிராம் என்பது பையில் தெரியாத எடை. ஆனால் என்னிடம் இரண்டு பக்கமும் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை. A4 பக்கத்துக்குக் கொஞ்சம் போதவில்லை, ஒற்றைக் கைக்குக் கொஞ்சம் கனம். கடந்த மாதம் முழுக்க எதை எத்தனை முறை எடுத்தேன் என்று ஒரு தாளில் கோடு போட்டு வந்தேன். சின்னதுக்கு 41, பெரியதுக்கு 26, நடுவில் இருப்பதற்கு 5. அந்த ஐந்தில் மூன்று முறை மற்றவற்றில் சார்ஜ் இல்லாததால் எடுத்தது.

சாம்சங்கும் தன் வரிசையில் இதே கேள்வியோடு திணறுவதைப் பார்க்கலாம். 2024-இல் டேப் எஸ்10 வரிசையில் 11 இன்ச்சை விட்டுவிட்டு 12.4-ஐயும் 14.6-ஐயும் வைத்தார்கள். 2025-இல் எஸ்11 வரும்போது 11 இன்ச் திரும்பி வந்தது, 12.4 போய்விட்டது. எனக்கு 12.4 போனதில் வருத்தம். 14.6-ஐத் தூக்க முடியாதவர்களுக்கு அது நல்ல அளவாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். கட்டடக்கலை படிக்கிறாள், வரைவதற்கு ஒன்று வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மூன்றையும் அவள் முன்னால் வைத்து, எது வேண்டுமானாலும் வரைந்து பார் என்றேன். பெரியதைக் கொடுக்க நேர்ந்துவிடுமோ என்று மனதுக்குள் ஒரு பயம் இருந்தது உண்மை. அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கோடு போட்டுப் பார்த்தாள்.

"சித்தி, இந்த நடுவுல இருக்கறதே போதும். பெரிசு என் பைக்குள்ள நுழையல. சின்னதுல உள்ளங்கைய வெச்சா வரைய இடமே இல்ல."

அன்றைக்கே அதிலிருந்த என் மெய்ப்புகளையெல்லாம் பெரியதற்கு மாற்றிவிட்டு, முழுவதும் அழித்து, பேனாவுக்குப் புது முனை மாட்டிக் கொடுத்துவிட்டேன்.